பழைய வீட்டில் லோடு சுவரைத் திறப்பது: ஆர்ச்சா, இரும்பா, கான்கிரீட்டா?

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் பழைய வீடு வாங்கியவர்களும், பாகப்பிரிவினையில் ஒரு பங்கு கைக்கு வந்தவர்களும் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "முன் ரூமையும் நடு ரூமையும் சேர்த்து ஒரே ஹாலா ஆக்கிடலாமா?" நியாயமான கேள்வி. பத்துக்குப் பத்து அறையில் ஒரு சோபா, ஒரு டிவி, ஒரு பீரோ வைத்துவிட்டால் வந்தவர் கால் நீட்ட இடம் இல்லை. மேஸ்திரி வந்து சுவரைத் தட்டிப் பார்ப்பார். "ஒண்ணும் ஆகாது சார், ஒரு லிண்டல் போட்டு எட்டடி திறந்துடலாம்" என்பார். லிண்டல் என்றால் திறப்பின் மேல் போடும் குறுக்குச் சட்டம்.

அவர் சொல்வது நடக்காத காரியம் இல்லை. ஆனால் லோடு சுவரை, அதாவது தளத்தின் எடையைத் தாங்கும் சுவரை, திறக்க ஐந்து வழியாவது இருக்கிறது. செலவு, ஆபத்து, வேலை நாள் எல்லாம் ஒன்றுக்கொன்று வேறு. இதில் எனக்கு ஒரு சாய்வு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த பீம் போடலாம் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். அந்த பீமின் இரண்டு முனையும் எதன் மேல் உட்காரப் போகிறது என்று பார்த்து முடிவெடுப்பதே சரி என்று நினைக்கிறேன்.

முதலில் எடை. பத்தடி உயரமுள்ள ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், ஒரு அடி நீளத்துக்கே சுமார் 400 கிலோ இருக்கும். தளத்தின் எடை தனி. பழைய வீடுகளில் இருப்பது மெட்ராஸ் டெரஸ் என்றால், தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைச் செங்குத்தாகக் குறுக்கு வாட்டில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, கடைசியில் தட்டோடு பதித்திருப்பார்கள். அது சதுர அடிக்கு 40 கிலோவைத் தாண்டும். ஐந்து அங்குல கான்கிரீட் தளத்தின் சொந்த எடை 30 கிலோதான் வரும். அதாவது பழைய தளம்தான் கனம் அதிகம். பல வீடுகளில் மழை ஒழுகியபோதெல்லாம் மேலே இன்னொரு பூச்சு, அதன் மேல் இன்னொன்று என்று ஏற்றி ஏற்றி அந்தக் கனத்தையும் கூட்டி வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். சுவருக்கு இரண்டு பக்கமும் பத்தடி அகல அறைகள், தளம் இந்தச் சுவர் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, நடுவில் எட்டடி திறக்க ஆசை. மனிதர்கள், சாமான் எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு 60 கிலோ என்று வைத்தால், அந்த எட்டடியின் மேல் வரும் தளத்தின் பங்கு சுமார் 4.8 டன். மேலே ஒரு மாடி இருந்து, இதே சுவர் மேலேயும் தொடர்ந்தால், அந்தச் சுவர் 3.2 டன், அதன் மேல் தளம் இன்னொரு 4.8 டன். ஆக, சுமார் 13 டன். இதுவரை எட்டடிச் சுவர் முழுக்கப் பரவலாக இறங்கிக்கொண்டிருந்த இந்த எடை, திறந்த மறுநாள் முதல் இரண்டு முனையில் ஆறரை ஆறரை டன்னாக இறங்கும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரில் பீமை வெறுமனே ஒன்பது அங்குலம் செருகி விட்டால் அந்த இடத்துச் செங்கல் நசுங்கத் தொடங்கும். பீமைப் பெரிதாக்கி இதைச் சரிசெய்ய முடியாது. முனைக்குக் கீழே இரண்டு மூன்று அடி நீளத்துக்கு கான்கிரீட் பெட் பிளாக் போட்டு எடையைப் பரப்பினால்தான் சுவர் தாங்கும்.

அதற்கும் கீழே அஸ்திவாரம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கடலோரத்தில் மணல். உள்ளே பெரம்பூர், கொளத்தூர் என்று போனால் களிமண். பழைய வீட்டின் அஸ்திவாரம் சுவர் நெடுக ஒரே சீராக வரும் எடைக்காகப் போட்டது, ஆழமும் அதிகம் இருக்காது. இரண்டு இடத்தில் மட்டும் எடையைக் குவித்தால் அங்கே மட்டும் கொஞ்சம் அமுங்கும். அந்தக் கொஞ்சம் போதும், மாடிச் சுவரில் சாய்வாக விரிசல் ஓட.

அப்புறம், அது உண்மையிலேயே லோடு சுவர்தானா என்று பார்க்க வேண்டும். தேக்குக் கட்டைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று அண்ணாந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கட்டையின் முனை இந்தச் சுவருக்குள் நுழைந்தால் இது தாங்குகிறது. கட்டை சுவருக்கு இணையாக ஓடினால் தளத்தின் எடை பெரிதாக இதன் மேல் இல்லை. வடசென்னையின் குறுகலான வரிசை வீடுகளில் கட்டைகள் பெரும்பாலும் அகலவாக்கில், பக்கத்து வீட்டோடு பகிரும் பொதுச் சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குப் போகும். அப்படி இருந்தால் அறைகளைப் பிரிக்கும் குறுக்குச் சுவர் தளத்தைத் தாங்கவில்லை என்று சந்தோஷப்படலாம். முழுச் சந்தோஷம் வேண்டாம். நீளமான அந்த இரண்டு பொதுச் சுவர்களும் பக்கவாட்டில் சாயாமல் பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் குறுக்குச் சுவர்தான். 2002-ல் நிலநடுக்க மண்டலங்களைத் திருத்தியபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு வந்துவிட்டது. குறுக்குச் சுவர்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு நீளச் சுவர்களை மட்டும் நிற்க வைப்பது நல்ல யோசனை இல்லை.

நாலரை அங்குலச் சுவர் என்றால் பார்ட்டிஷன்தான், தாராளமாக எடுக்கலாம் என்று சொல்வார்கள். புது வீட்டில் சரி. பழைய வீட்டில் கட்டைகள் காலப்போக்கில் தொய்ந்து, பின்னால் எழுப்பிய அந்த ஒல்லிச் சுவர் மேலேயே உட்கார்ந்திருக்கும். எடுத்த பிறகுதான் தளம் எவ்வளவு அதை நம்பி இருந்தது என்று தெரியவரும். கட்டையின் முனை சுவருக்குள் எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வெளியே வைரம் போல இருக்கும் தேக்கு, ஓதம் அடித்த சுவருக்குள் போகும் கடைசி ஆறு அங்குலத்தில் கரையான் தின்று தூளாகியிருக்கலாம். ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி வழிகள்.

மிக மலிவானதைத்தான் யாரும் யோசிப்பதில்லை: இருக்கிற ஜன்னலைத் திறப்பது. இரண்டு அறைக்கும் நடுவில் உள் ஜன்னல் ஒன்று இருந்தால், அதன் மேல் ஏற்கெனவே லிண்டலோ செங்கல் வளைவோ இருக்கும். ஜன்னலுக்குக் கீழே இருக்கும் சுவரை மட்டும் அதே அகலத்துக்கு எடுத்தால், மேலே இருந்து வரும் எடையின் பாதையில் கை வைக்கவே இல்லை. நான்கடி வழி கிடைக்கும். பக்கத்தில் ஒரு கதவும் இருந்தால், அதன் பலகையைக் கழற்றிவிட்டு இரண்டையும் திறப்பாக வைத்துக்கொண்டால் காற்றும் வெளிச்சமும் வந்துவிடும். பெரிய ஹால் போலத் தெரியாது, உண்மைதான். ஆனால் பாட்டி நடு அறையில் படுத்துக்கொண்டே முன் அறை டிவியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் தேவை என்றால் இதற்கு மேல் செலவு செய்ய எனக்கு மனம் வராது. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கும் சுவர்த் துண்டை மட்டும் தொடக் கூடாது. "அதையும் எடுத்துட்டா சூப்பரா இருக்கும்" என்று யாராவது சொல்வார்கள். இரண்டு பக்கத்து எடையும் அதன் மேல்தான் நிற்கிறது.

அடுத்தது ஆர்ச். செங்கல் வளைவு நல்ல தொழில்நுட்பம்தான், நூறு வருஷத்து வாசல்களின் மேல் இன்னும் நிற்கிறது. நாலைந்து அடிக்கு, இரண்டு பக்கமும் போதுமான சுவர் மிச்சம் இருந்தால், வேலை தெரிந்த கொத்தனார் இருந்தால் செய்யலாம். வளைவு கீழே மட்டும் அழுத்தாது, பக்கவாட்டிலும் தள்ளும். ஓரத்தில் இரண்டடிகூட மிஞ்சாத இடத்தில் போட்டால் அந்தத் துண்டுச் சுவரை வெளியே தள்ளிவிடும். இன்று ஹால்களில் நாம் பார்க்கும் ஆர்ச்சுகள் பல, மேலே ஒரு லிண்டலைப் போட்டு கீழே பிளைவுட்டிலோ ஜிப்சத்திலோ வளைத்த அலங்காரம். மேஸ்திரி ஆர்ச் என்று சொன்னால் எந்த ஆர்ச் என்று கேட்டுவிடுங்கள். எட்டடிக்கு இந்த வழியை நான் எடுக்க மாட்டேன்.

மூன்றாவது கான்கிரீட் பீம். எல்லாக் கொத்தனார்களுக்கும் கைவந்த வேலை, கம்பியும் சிமெண்டும் தெருமுனையில் கிடைக்கும், துருவைப் பற்றிய பயமும் இரும்பை விடக் குறைவு. அதனால் மேஸ்திரிகள் இதையே சொல்வார்கள். ஏற்கெனவே நிற்கும் சுவருக்கு நடுவில் புதிதாக வார்ப்பதில்தான் சிக்கல். சுவரின் முழு அகலத்தையும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டு, மேலே இருப்பதை முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொண்டு, சென்ட்ரிங் (வார்ப்புப் பலகை) அடித்து வார்க்க வேண்டும். ஆறு மீட்டர் வரையுள்ள பீமுக்கு அடி முட்டுகளை எடுக்க, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 சொல்லும் குறைந்தபட்சம், சாதாரண சிமெண்டுக்கு 14 நாள். அந்த இரண்டு வாரமும் உங்கள் மாடி நிற்பது ஜாக்கியின் தயவில். கான்கிரீட் இறுகும்போது சுருங்கும். பீமின் தலைக்கும் பழைய சுவரின் அடிக்கும் நடுவில் இடைவெளி விழும். அதைக் கெட்டியான கலவையால் இடித்து நிரப்பாமல் முட்டுகளை எடுத்தால், மேல்சுவர் அந்த இடைவெளி அளவுக்கு இறங்கிய பிறகுதான் பீமுக்கு வேலை வரும்.

இன்னொன்று தண்ணீர். கான்கிரீட்டில் கம்பி போடுவதாக இருந்தால், கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அதே ஐஎஸ் 456-ன் விதி. கடலோர வடசென்னையில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதை வைத்துக் கலவை போட்டால், கம்பிக்குத் துருவை நாமே உள்ளே வைத்துப் பூசுகிறோம். மெட்ரோ வாட்டரோ லாரித் தண்ணீரோ வாங்குங்கள். வேலைக்கு வருபவர் பக்கத்தில் இருக்கும் கைபம்பைத்தான் அடிப்பார், கூடவே நின்று பார்க்க வேண்டும்.

நான்காவது இரும்பு. எட்டடி வரையிலான திறப்புக்கு, மேலே ஒரு மாடி இருக்கும் பழைய வீட்டுக்கு என் தேர்வு இதுதான், அதிலும் ஒரே கனமான ஐ பீமை விட இரண்டு சேனல்கள் ('ப' வடிவ இரும்புச் சட்டங்கள்). சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும் சேனல் உட்காரும் அளவுக்கு நீளமாகக் காடி வெட்டி, முதல் சேனலை வைத்து, மேலே இடைவெளி இல்லாமல் சுருங்காத கிரவுட் (இடைவெளியை நிரப்பும் கலவை) அடைத்து இறுக விடுவார்கள். அது எடையை ஏற்ற பிறகு மறுபக்கம் இரண்டாவது. அப்புறம் இரண்டையும் சுவருக்குக் குறுக்கே போல்ட் போட்டு இணைத்துவிட்டு, கடைசியில்தான் கீழ்ச் சுவரை எடுப்பது. சுவர் முழு அகலத்துக்கும் வெறுமையாக நிற்கும் நேரமே கிடையாது. இந்த வழியின் பெரிய லாபம் அதுதான்.

எடுத்துச் செல்வதும் எளிது. மேலே போட்ட 13 டன் கணக்குக்கு 200 மில்லிமீட்டர் சேனல் இரண்டு என்ற அளவில் வரும். பொறியாளரின் கணக்கு உங்கள் வீட்டுக்கு வேறு சொல்லலாம், அவர் சொல்வதே முடிவு. அந்தச் சேனல் மீட்டருக்கு 22 கிலோ. எட்டடித் திறப்புக்கு இரண்டு முனையிலும் ஒன்பது அங்குலம் சேர்த்து ஒன்பதரை அடி வெட்டினால் ஒன்று சுமார் 65 கிலோ. மண்ணடி இரும்புக் கடையில் அளவுக்கு வெட்டி வாங்கி, தெருமுனையில் இறக்கி, டாட்டா ஏஸ்கூட நுழையாத சந்துக்குள் இரண்டு பேர் தோளில் தூக்கி வந்துவிடலாம்.

குறை இல்லாமல் இல்லை. சுண்ணாம்புச் சாந்து பழசாகிப் பொடிந்திருந்தால், காடி வெட்டும்போதே செங்கல் சரசரவென்று உதிரும். அங்கே சுத்தியலும் உளியும்தான், டிரில்லை அதிரவிட்டால் காரியம் கெட்டுவிடும். ஒன்பது அங்குலச் சுவரில் இரண்டு பக்கமும் மூன்று மூன்று அங்குலம் வெட்டினால் நடுவில் மூன்று அங்குலம்தான் மிஞ்சும். ஆகவே தளத்துக்கு இரண்டு பக்கமும் முட்டு கட்டாயம். பதின்மூன்றரை அங்குலச் சுவர் என்றால் நிம்மதி. பிறகு உப்புக் காற்று. எண்ணூர் பக்கம் வீட்டு கேட்டை நாலு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு கை ரெட் ஆக்சைடு அடித்து, அதன் மேல் பூச்சு பூசி மறைத்தால் போதாது. துரு போகத் தேய்த்து, எபாக்சி பிரைமர் இரண்டு கை, வெல்டிங் வைத்த இடத்தில் மறுபடியும். அதன் மேல் வலை கட்டிப் பூச்சு.

ஐந்தாவது, முழுச் சட்டம்: இரண்டு தூண், அவற்றுக்குப் புது ஃபுட்டிங் (தூணுக்கான அடித்தளம்), மேலே பீம். சுவரை ஓரம் வரை முழுதாக எடுக்க வேண்டும் என்றாலோ, முன் அறையைக் கடையாக்கி ஷட்டர் போட வேண்டும் என்றாலோ இதுதான். எடை சுவருக்குப் போகாமல் நேராகத் தன் ஃபுட்டிங்குக்கு இறங்கிவிடும் என்பதால், நான் முதலில் சொன்ன முனைப் பிரச்சினை முழுதாகத் தீர்கிறது. செலவும் சிரமமும் அதற்கேற்பக் கூடும். பழைய அஸ்திவாரத்தின் காலடியிலேயே குழி தோண்ட வேண்டும். கடலோர மணலில் குழியின் பக்கம் சரிந்து அஸ்திவாரத்துக்கு அடியில் இருக்கும் மணலும் கூடவே வரும். ஒரு நேரத்தில் ஒரு குழி, சிறிதாக, அன்றே கான்கிரீட் என்று போக வேண்டும். பொதுச் சுவரை ஒட்டித் தோண்டினால் பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலிலேயே உட்கார்ந்து பேசி, அவர் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களை இரண்டு பேரும் சேர்ந்து போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வேலை முடிந்தபின் வரும் சண்டையில் பாதி அதிலேயே அடங்கிவிடும்.

எது உங்களுக்கு? மேலே மாடி இல்லை, ஐந்தடி போதும் என்றால் சேனலைச் சிறியதாகப் போட்டோ, ஜன்னலைத் திறந்தோ முடித்துக்கொள்ளலாம். மாடி உண்டு, எட்டடி வேண்டும் என்றால் இரட்டைச் சேனலும் பெட் பிளாக்கும். ஆனால் ஓரத்தில் இரண்டு பக்கமும் குறைந்தது இரண்டடிச் சுவரை விட்டுவைக்க வேண்டும். அந்த இரண்டடியை விட மனமில்லாதவர் ஐந்தாவது வழிக்கான பணத்தை எடுத்து வைக்கட்டும், நடுவில் சமரசம் கிடையாது. சுவரில் ஏற்கெனவே கதவு, ஜன்னல் இருந்தால் அவற்றையும் கணக்கில் சேருங்கள். செங்கல் கட்டடங்களுக்கான நிலநடுக்க விதியான ஐஎஸ் 4326, தரைத்தளமும் அதன் மேல் ஒரு மாடியும் உள்ள கட்டடத்தில் திறப்புகளின் மொத்த அகலம் சுவர் நீளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்கிறது, சில வகைக் கட்டடங்களுக்கு அதற்கும் குறைவு. தேக்குக் கட்டையின் முனைகள் மோசமாக இருந்தால் இந்த ஒப்பீடே வேண்டாம், முதலில் தளத்தைப் பாருங்கள்.

பொறியாளர் கட்டணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு நம் பகுதியிலேயே நடந்த இரண்டு சம்பவங்கள். 2023 ஏப்ரலில் பாரிமுனை அர்மேனியன் தெருவில், புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்த பழைய நான்கு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்பு சரிந்தபோது, விரிசலைக் கவனித்துக் குடும்பங்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதால் உயிர் தப்பினார்கள். ஆகவே பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை நேரில் வரவழைத்து, கணக்கும் வரைபடமும் கையெழுத்தோடு வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு மாநகராட்சியின் உங்கள் மண்டல அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேளுங்கள்.

வேலையை மாசிக்குப் பிறகு வைத்துக்கொள்வது உத்தமம். ஐப்பசி, கார்த்திகையில் தளம் மழைநீரைக் குடித்துக் கனத்துப் போயிருக்கும், கிரவுட்டும் பூச்சும் காயாது. முட்டுக் கம்பங்களை வெறும் தரையில் நிறுத்த விடாதீர்கள். கடப்பாக் கல்லுக்கு அடியில் மணல் போயிருந்தால் கல் உடைந்து முட்டு இறங்கும், கீழே நீளமான கனத்த பலகை வேண்டும். முட்டு வேலை நடக்கும் நாட்களில் மாடியில் யாரும் குடியிருக்க வேண்டாம், வாடகைக்கு இருப்பவர்களுக்கும் அதே பேச்சு. இடித்த செங்கல்லைக் குவியலாக வீட்டுக்குள் வைக்காதீர்கள். எட்டடிக்கு ஏழடி திறப்பிலிருந்து இரண்டு டன்னுக்கு மேல் வரும். நல்ல செங்கல்லைப் பொறுக்கிவிட்டு மிச்சத்தை அன்றன்றே அனுப்பிவிடலாம், கட்டட இடிபாடுகளைப் பிரித்தெடுக்கும் ஆலை கொடுங்கையூரிலேயே இருக்கிறது.

முட்டுகளை ஒரே நாளில் எல்லாம் உருவ வேண்டாம். ஜாக்கியைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு நாள் விட்டுப் பார்த்து, மறுபடி கொஞ்சம். மேல்சுவரில் ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதன் குறுக்கே சிமெண்ட் பாலில் மெல்லிய பட்டை இழுத்து, தேதியைப் பென்சிலில் எழுதி வையுங்கள். பட்டை உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். அப்படி இருக்கும் வரை பெயிண்டரை வரச் சொல்லாதீர்கள், பொறியாளரை வரச் சொல்லுங்கள்.